சட்டைப் பையில் வைத்த சீட்டு

என் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். இருவரும் உடன்பிறந்தவர்கள். மூத்தவருக்கு ஆறு வருஷம் பிள்ளை இல்லை என்று இளையவரையும் கட்டிக்கொண்டார். அக்காவும் நானும் இளையவருக்குப் பிறந்தோம். மூத்தவரைப் பெரியம்மா என்போம். கீரனூரில் எங்கள் வீட்டுக்கு ஒரே அடுப்பு. நெல் வைத்த அறையின் சாவி பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். அம்மா ஒரு முழம் பூ வாங்குவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவாள். அது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டிலிருந்து யாரையும் வெளியே அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அக்காவைத் திருவரங்குளத்தில் கொடுத்தோம். மச்சான் யூனியன் ஆபீசில் கிளார்க். ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. நான் லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்து, புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த சமயம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் வெற்றிலை பாக்கோடு வந்தார். சுற்றி வளைக்காமல் என்னைக் கேட்டார். அக்கா மூத்தவளாக அப்படியே இருப்பாள், நான் இளையவளாகப் போக வேண்டும். இப்போது அதற்குச் சட்டம் இடம் கொடுக்காது, ஆபீசில் தெரிந்தால் மச்சானுக்கு வேலை போய்விடும் என்று சொன்னேன்.

"ஒங்கப்பாவுக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார் மாமியார். "கோயில்ல வச்சு ஒரு மாலையப் போட்டா, ஆபீசுக்கு யாரு போயிச் சொல்லப் போறா? நீ சொல்லுவியா?"

பெரியம்மா சிரித்துவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். மறுக்க என்னிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, சட்டம். இரண்டு, எனக்கு விருப்பமில்லை. முதலாவதை மட்டுமே சொன்னேன்.

அடுத்த வாரம் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் மாமியார் வேறு வழி தேடுவார், தன்னைத் தீர்த்து அனுப்பிவிட்டு வேறு பெண் எடுப்பார்கள் என்று பயந்தாள். அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் முன்பே செய்தாகிவிட்டது. குறை எதுவும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது மச்சானுக்குரிய பரிசோதனைதான். அதை நாங்களே செய்வோம், மைக்ராஸ்கோப்பில் ஐந்து நிமிஷ வேலை என்று சொன்னேன். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாகப் பேசச் சொன்னேன். அவள் மறந்துவிடக் கூடாதே என்று, கையில் கிடைத்த லேப் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குப்பி. மூன்று நாள் சேராமல் இருக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். தாமதமானால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தேன்.

புருஷனிடம் இதை எப்படி வாயால் சொல்வது என்று அக்காவுக்கு வெட்கம். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் மச்சான் ஆபீசுக்குப் புறப்படும்போது சீட்டை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். தனியாக இருக்கும்போது படித்துக்கொள்வார் என்று நினைத்தாளாம். அவர் டீக்கடையில் சில்லறை எடுத்தபோது சீட்டு கீழே விழுந்தது. கூட வேலை பார்ப்பவர் எடுத்து, மருந்துச் சீட்டு என்று நினைத்துச் சத்தமாகவே படித்திருக்கிறார். இரண்டாம் நம்பர் வரைக்கும் படித்தாராம்.

மச்சான் வீட்டில் கத்தவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் அக்காவைப் பஸ்ஸில் கூட்டிவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்டார். செருப்பைக் கழற்றாமல் நின்று, சீட்டை என்னிடம் நீட்டினார்.

"ஒங்க எழுத்துத்தானேங்க?" என்றார். அதுவரை என்னிடம் ஒருமையில்தான் பேசுவார்.

ஆமாம் என்றேன். அப்பா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அதே பஸ் திருச்சி போய்த் திரும்பி வரும்வரை ரோட்டிலேயே நின்றார்.

மூன்று மாதத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசிக் கல்யாண உறவைத் தீர்த்துவிட்டார்கள். குழந்தை இல்லை என்பதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. புருஷனை ஊர் சிரிக்க வைத்தவள் என்றார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்தவை: ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு அண்டா, குத்துவிளக்கு, ஏழு புடவை. வண்டியிலிருந்து நான்தான் இறக்கி வைத்தேன்.

நான் சமாதானம் சொல்லப் போனேன். சட்டம் நம் பக்கம், ஜீவனாம்சம் கேட்கலாம், தையல் படிக்கலாம் என்று அடுக்கினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"நீ அன்னைக்குச் சரின்னு சொல்லியிருந்தா, சாவி என் இடுப்புல இருந்திருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் காபி தருவாள். என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். சீட்டு எழுதின பெண் என்று இரண்டு ஊரிலும் பெயர்.

போன வருஷம் லேபுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். சீட்டில் ஊர் திருவரங்குளம், கணவர் பெயர் மச்சானுடையது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கல்யாணமாகி மூன்று வருஷம் என்றாள் அந்தப் பெண். ரத்தம் எடுத்தேன். நாலு நாள் கழித்து முடிவு வாங்க வந்தாள்.

"எனக்கு என்னங்க குறை?"

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப ஏங்க இப்படி?"

அந்த ஐந்து நிமிஷப் பரிசோதனையைச் சொல்லியிருக்கலாம். மேசையில் வெற்றுச் சீட்டுகள் இருந்தன, பேனா கையிலேயே இருந்தது. இவளுக்கும் கீரனூர் மாதிரி ஏதோ ஓர் ஊரில், கொண்டுபோய் விட ஒரு வாசல் இருக்கும் என்று தோன்றியது. டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

வெளியே போய் முடிவுச் சீட்டை மச்சானிடம் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். அன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது, இன்றைக்குக் கூட்டமா என்று அக்கா கேட்டாள். வழக்கமான கூட்டம்தான் என்றேன்.