சுவர் தாண்டிய பேன்

பேனைப் போல மனிதனை நம்பி வாழும் உயிர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாய்கூட ஒருநாள் சோறு வைக்காவிட்டால் அடுத்த தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வரும். தலைப்பேன் எங்கும் போகாது. ஆட்டின் மேல் விட்டாலும் மாட்டின் மேல் விட்டாலும் அதற்கு ஆகாது, மனிதத் தலைதான் வேண்டும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் இரண்டொரு நாளில் செத்துப்போகும். இதெல்லாம் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தெரிந்துகொண்டவை. ஆனால் அதன் சாமர்த்தியத்தை எட்டு வயதிலேயே நேரில் பார்த்தவள் நான். எங்கள் வீட்டு ஆண்கள் இருவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் எவ்வளவோ முயன்றும் பேச வைக்க முடியவில்லை. பேன்தான் பேச வைத்தது.

கொத்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் அடுத்தடுத்த வீடு. என் தம்பிக்குக் காதுகுத்து வைத்தபோது அப்பா காரைக்குடியில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் கட்டினார். அதில் மேல் வரிசையில், எல்லாருக்கும் முன்னால், கூப்பிய கையோடு பெரியப்பாதான் நின்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மரச்சட்டத்தில் ஃப்ளெக்ஸை வைத்து அடித்தபோது, மேல் ஓரத்து ஆணிகளில் ஒன்று நேராகப் பெரியப்பாவின் நெற்றியில் இறங்கியிருந்தது.

விருந்துக்கு வந்தவர்கள் தம்பியின் காதைப் பார்த்ததைவிடப் பெரியப்பாவின் நெற்றியைப் பார்த்ததுதான் அதிகம். பந்தியில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார்.

"உசுரோட இருக்கிறவன் நெத்தியில ஆணி அடிச்சு ரோட்டுல நிப்பாட்டிட்டான் எந் தம்பி!"

"ஆணிய நானா அடிச்சேன்?" என்றார் அப்பா.

தப்புத்தான் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பாயசத்தோடு முடிந்திருக்கும். அப்பா சொல்லவில்லை. அடுத்த மாதமே இரண்டு கொல்லைக்கும் நடுவே நெஞ்சுயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று அப்பா எங்கள் வீட்டில் உத்தரவு போட்டார். அதே உத்தரவைப் பெரியப்பா அவர் வீட்டில் போட்டார். அண்ணன் தம்பி அல்லவா, யோசனை ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் அடிபட்டது நான். பெரியப்பா மகள் எனக்கு ஒரு வகுப்பு மூத்த அக்கா. அவள் இல்லாமல் நான் பல்கூடத் தேய்த்ததில்லை. "அந்த வீட்டுப் பிள்ளையோட சேர்றதப் பாத்தேன், திருப்பத்தூர் ஹாஸ்டல்ல கொண்டுபோயி விட்டுருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். ஹாஸ்டலில் உப்புமா மட்டும்தான் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, நான் நெருப்பைக் கண்டதுபோல அக்காவிடமிருந்து தள்ளியே இருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் தூரத்திலிருந்து ஜாடை காட்டிக்கொள்வதோடு சரி. அவள் மூக்கைத் தொட்டால் அவர்கள் வீட்டில் மீன் குழம்பு, கன்னத்தைத் தொட்டால் பணியாரம். அவள் கன்னத்தைத் தொட்ட நாட்களில் எனக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மா வந்து பேனைப் பற்றிப் பாடம் எடுத்தார். படித்ததை வீட்டில் ஒப்பித்துப் பாராட்டு வாங்குவது என் வழக்கம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழங்கினேன்.

"பேனுக்கு றெக்கை கெடையாது. தாவவும் தெரியாது. ரெண்டு தலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனாத்தான் இங்கிட்டுருந்து அங்கிட்டு ஏறும்!"

அப்பா மெச்சிக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் ஏனோ புரையேறியது.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் மடியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தலையிலிருந்து ஒன்று இறங்கி அவருடைய வெள்ளை வேட்டியில் நிதானமாக நடந்து போனது. அப்பா போட்ட சத்தத்தில் தம்பி எழுந்துவிட்டான். அம்மா பேன் சீப்பைக் கொண்டுவந்து கொல்லையில் என்னை உட்கார வைத்து, பழைய துண்டை விரித்து வாரினாள். எள்ளைக் கொட்டியதுபோல விழுந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தலையா இது? எங்கிட்டுருந்துடி இம்புட்டையும் கூட்டியாந்த?"

அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தலை ஒட்டுனாத்தான் ஏறும்னு நீதான சொன்ன?"

என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். சத்தியமாகச் சேரவில்லை என்றேன். தம்பி தலையில் கை வைத்துச் சொன்னேன். அழுதேன். சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் துண்டில் ஊர்ந்தவை வேறு சாட்சி சொல்லின. அம்மாவாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிள்ளைகன்னா அப்பிடித்தான், விடுங்க" என்று முனகினாள். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

"திங்கக்கெழமை ஹாஸ்டலு" என்றார் அப்பா.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெரியப்பாவுக்குக் கேட்க வேண்டுமே. நேராகப் பேசினால் கௌரவம் என்னாவது? ஒரு வருஷமாக இருவரும் அவரவர் வீட்டுப் பிராணிகளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா கட்டிக் கிடந்த ஆட்டைப் பார்த்து, "சில வீட்டுல பேனை வளக்குறாக, பிள்ளைய வளக்கத் தெரியல" என்றார் உரக்க.

அந்தப் பக்கம் பெரியப்பா தன் கன்றுக்குட்டியிடம், "எங்க வீட்டுப் பேனுக்கு என்ன தலையெழுத்து, அந்த வீட்டுக்குப் போக? வந்ததெல்லாம் அங்கிட்டுருந்துதான்" என்றார்.

"எங்க வீட்டுல பேனுங்கிற பேச்சே இருந்ததில்ல!" என்று அப்பா ஆட்டிடம் சொன்னார்.

"டேய்! யாருடா பேன் புடிச்சவன்? சின்னப்பிள்ளையில ஓந் தலையில மேஞ்சத எடுத்தவனே நாந்தேன்டா!" பெரியப்பா கன்றுக்குட்டியை மறந்துவிட்டார்.

"இப்ப ஆரம்பிச்சது நீங்கதாண்ணே!"

அண்ணே என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அப்பா திடுக்கிட்டு நின்றார். அம்மாவின் சீப்பு என் தலையில் பாதியில் நின்றது. சுவருக்கு மேலே பெரியப்பாவின் முகம் மெதுவாக எழுந்து வந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தார்கள். அப்பா கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்தார். அதே நொடியில் பெரியப்பாவும் அதே இடத்தில் சொறிந்தார்.

பெரியப்பா அப்பாவின் கையைப் பார்த்தார். "ஒனக்குமாடா?"

"நாலு நாளாண்ணே. வெளிய சொல்ல முடியுதா?"

"எனக்கு ஒரு வாரமா." பெரியப்பா நிமிர்ந்துகொண்டார். "எதுலயும் நாந்தேன் மூத்தவன்."

அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பெரியப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆணி தப்புத்தாண்ணே" என்றார் அப்பா. "போடா கிறுக்கா" என்றார் பெரியப்பா. பிறகு என்னைக் காட்டி, "பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்புனா ஓங் காலு நடக்காது, சொல்லிப்புட்டேன்" என்றார். அக்கா சுவரேறி இந்தப் பக்கம் குதித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, இனி பயமில்லை என்பதால், என் தலையை அவள் தலையோடு நன்றாக முட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறமும் அதிக நாள் இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பைக்கில் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார்களாம். தம்பிக்கும் மொட்டை. பெண்கள் எங்களுக்கு வேப்பெண்ணெயும் சீப்பும்தான். எங்கள் கொல்லையில் பாய் விரித்தாயிற்று. பெரியம்மா பணியாரத் தூக்கோடு வந்தார். ஒரு வருஷம் பேசாத அம்மாவும் பெரியம்மாவும் கட்டிப்பிடித்து அழுவார்கள், நானும் சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தேன். ஆண்கள் முன்னால் அவர்கள், "நல்லா இருக்கீகளாக்கா?", "இருக்கேன்டி" என்று கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டதோடு சரி. எனக்குச் சப்பென்று போயிற்று.

நானும் அக்காவும் பணியாரத்தைத் தின்றுகொண்டே நடந்ததை ஆராய்ந்தோம். நம் இரண்டு தலையும் ஒட்டவே இல்லையே, பின்னே எப்படி ஏறியது? வெகுநேரம் யோசித்து, பேன் சுவரேறித் தாண்டும், அந்த நர்சம்மாவுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டினோம்.

அப்பாவும் பெரியப்பாவும் வாசல் பக்கம் போனதும் பெரியம்மா அம்மாவின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்து, வகிட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"போன வாரம் நான் பாத்ததுக்கு இப்பப் பாதிகூட இல்லடி" என்றார்.

அம்மா அவர் முழங்காலில் நறுக்கென்று கிள்ளினாள். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். பேனைப் பார்த்து இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாதியாகக் குறைந்துவிட்டது என்பது மட்டும் நல்ல சேதியாகப் பட்டது. போன வாரம் பெரியம்மா பார்த்ததற்கு இப்போது பாதிகூட இல்லையாம் என்று அப்பாவிடம் சொல்ல, வாசலை நோக்கி ஓடினேன்.