காசினோ வாசலில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் அரியரத்தினம் கல்யாணத் தரகர் அல்ல. ஆனாலும் பாரிசில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாராவது ஒரு பெடியனுக்குப் பெண் பேசத் தொடங்கினால் முதலில் இவரைத்தான் தேடி வருவார்கள். இவர் பெரிய யோக்கியர் என்பதற்காக அல்ல. இவர் காசினோ வாசலில் வேலை செய்கிறவர், அதற்காக.

பாரிசுக்குள் காசினோ வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒரு ஏரிக்கரை வரும். அங்கே ஒன்று இருக்கிறது. ஆர்ஜொந்தெயில் உள்ள எங்கள் வீட்டுக்கும் அது கிட்டத்தான். நம்முடைய ஆட்களும் போகிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று ஊர்ச் சனத்தை விசாரிப்பதை விட, வாசலில் நிற்கிறவரை விசாரிப்பது சுகம் அல்லவா?

வாசல் சட்டம் முழுக்க எனக்கும் மனப்பாடம். முழங்கால் தெரிகிற அரைக் களிசான் கூடாது. பாட்டா கூடாது, கால்விரல் தெரிகிற எந்தச் செருப்பும் கூடாது. தொப்பியைக் கழற்ற வேண்டும். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அதை ஜிஸ்லேன் என்ற பெண் வாங்கி மெசினில் பார்ப்பாள். "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று தாங்களே அரசாங்கத்திடம் போய்ச் சொன்னவர்களின் பெயர் அதில் வரும். அப்படிச் சொன்னவரை நாட்டில் எந்தக் காசினோவும் ஏற்காது. மற்றவர்கள் ஒழுங்காக உடுத்து, அட்டையோடு வந்தால், "பொன்சுவார் மெசியூ" என்று கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். வருகிறவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்க இவருக்கு உரிமை இல்லை.

யார் வந்தார் யார் வரவில்லை என்பதை வெளியில் சொல்லவும் கூடாது. இந்தச் சட்டத்தை இவர் பிடித்த பிடி இருக்கிறதே, கட்டின மனுசிக்கும் விலக்கு இல்லை. விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து நான் களைத்துப் போனேன். இவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வேலையிடத்துக் கதை வீட்டிலை வேண்டாம்" என்பார். வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவில் நான் கறிவேப்பிலை வாங்கப் போனால் எனக்கும் அதே முகத்தைக் காட்டுவார்கள்.

இப்படி இருக்கையில், 2014ஆம் ஆண்டு கோடையில், விசாரிப்பு என் சொந்தத் தமையனிடம் இருந்து வந்தது.

அண்ணை பொன்னம்பலம் ரூ பெர்தொனேயில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அண்ணி போய்ச் சேர்ந்தபிறகு அவருக்கு ஒரே பிடிமானம் மகள் லக்சிகாதான். அவளுக்குத் தனோஜன் என்ற பெடியனைப் பிடித்துப் போயிற்று. கணக்காளர் கந்தோரில் வேலை, நல்ல குடும்பம், எனக்கும் பிடித்தது. அண்ணையும் தலையாட்டிவிட்டார். கடைசியாக ஒன்றுதான் பாக்கி என்று ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அரியம், பெடியன் உங்கடை இடத்துக்கு வாறவனோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல்லுச் சொல்லு, அது காணும்."

"என்னாலை சொல்லேலாது மச்சான்."

"நான் உன்ரை மச்சானடாப்பா!"

"ஆர் கேட்டாலும் இதுதான்."

அண்ணை கொஞ்ச நேரம் இவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அந்தப் புதன்கிழமை லக்சிகா அழுதுகொண்டு எனக்கு ஃபோன் எடுத்தாள். கல்யாணப் பேச்சை அப்பா நிறுத்திவிட்டாராம். "உன்ரை மாமா வாய் திறக்கேல்லை. அதுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாராம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்று இவர் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கை இஞ்சை நாசமாப் போகுது. வரேல்லை எண்டால் வரேல்லை எண்டு சொன்னால் என்ன, வாய் அழுகிப் போயிடுமோ?"

"கோசலை, ஒருத்தனை வரேல்லை எண்டு சொன்னால், பிறகு நான் சொல்லாமல் விடுற ஒவ்வொருத்தனும் வந்தவன் எண்டு ஆகிடும். விளங்குதோ?"

விளங்கியது. விளங்கினதால் இன்னும் கோபம் வந்தது. இவர் பிட்டைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. அந்த நாட்களில் புதன்கிழமை என்றால் இவர் அப்படித்தான், வேலையால் வந்து சாப்பாட்டுக் கோப்பையைக் கிளறிவிட்டு எழும்பிவிடுவார். வயிற்றில் புண் என்று நினைத்து மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு கட்டியது தனோஜன்தான். அவனுக்கும் ரோசம் இருக்கும்தானே. "என்னை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கை உள்ள சனத்துக்கு என்னைத் தெரியுமோ எண்டு பாப்பம்" என்று லக்சிகாவிடம் சொல்லிவிட்டான். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நால்வரும் அந்த வாசலில் நின்றோம். அண்ணையை நான்தான் வற்புறுத்தி இழுத்து வந்தேன். வராவிட்டால் இந்த ஜென்மத்தில் அவர் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றேன்.

கொதிக்கிற வெயில். தனோஜன் வந்த கோலத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பந்து விளையாடிவிட்டு நேரே வந்திருக்கிறான். அரைக் களிசான், பாட்டா, தலையில் தொப்பி. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், யாரோ அந்நியனிடம் பேசுவதுபோல் பிரெஞ்சில், "இந்த உடுப்போடு முடியாது மெசியூ" என்றார்.

"ஏன்? என்ன பிழை?" என்று பெடியன் உண்மையாகவே முழித்தான். ஜிஸ்லேன் அட்டையைக் கேட்டாள். "அட்டையோ? நான் என்ன பிளேனோ ஏறப் போறன்?" என்று காற்சட்டைப் பையைத் தடவினான். ஃபோனில் இருந்த படத்தை எடுத்து நீட்டினான். ஜிஸ்லேனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். ஒரு நாளாவது அந்த வாசலைக் கண்டவன் இப்படி வருவானா? யாரும் சாட்சி சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி ஏரிக்குள் போட்டதுபோல் இருந்தது.

ஆனால் அண்ணை விடுவாரா?

"நடிப்பு!" என்று கத்தினார். "நல்லா நடிக்கிறான். தொப்பியைக் கழட்ட வேணும், மூடின சப்பாத்துப் போட வேணும் எண்டு ஆருக்குத் தெரியாது? ஃபோனிலை இருக்கிற படம் செல்லாது. எனக்கே ஒரு நாள் செல்லாது எண்டு திருப்பி..."

அதோடு நின்றுவிட்டார்.

லக்சிகா தகப்பனின் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சப்பாத்துக் கடிக்கிறது என்று பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கே செருப்போடு வந்த மனுசன். அந்த வெயிலில் கறுப்புச் சப்பாத்து, நீளக் களிசான், கை நீண்ட ஷேட். அட்டை ஏற்கெனவே கையில் எடுத்தபடி. யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. ஜிஸ்லேன் தன் மேசையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார்.

இவர் பிட்டைத் தொடாமல் எழும்பின புதன்கிழமைகள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. புதன்தான் அண்ணை சரக்கு எடுக்கப் போகிறேன் என்று கடையை மகளிடம் விட்டுவிட்டுப் போகிற நாள்.

ஏரிக்கரையில் இருந்த மர வாங்கில் அண்ணையை இருத்தினோம். அவர் அழுதார். அழுத பிறகுதான் அவருடைய முகம் பழைய முகமாக வந்தது.

"வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை கோசலை. அங்கை ஒரே சத்தம். அதுக்காகத்தான் முதல்லை போனனான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு முறையும் அரியம்தான் எனக்குக் கதவு திறந்து விடுறவன். ஒரு நாள் கூட ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. பெடியனைப் பற்றிக் கேட்டாப் பிறகும் அப்பிடியே வாயை மூடிக்கொண்டு நிண்டான். அவன்ரை மூடின வாய்க்குப் பின்னாலை என்ன இருக்கும் எண்டு எனக்குத்தானே தெரியும். என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான் எண்டு நினைச்சிட்டன்."

தனோஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "விடுங்கோ மாமா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனுக்குப் பெண் கொடுக்கலாம். லக்சிகா தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்தாள். எனக்குக் கோபப்பட நிறைய இருந்தது, ஆனால் அன்று மனம் வரவில்லை.

இடைவேளைக்கு இவர் வெளியே வந்தார். "அந்த மெசினிலை என்ரை பேரையும் போட்டுவிடு அரியம்" என்றார் அண்ணை.

"நான் போடேலாது மச்சான். ஆரும் போடேலாது. நீங்களே அரசாங்கத்திட்டை நேரிலை போய்ச் சொல்லவேணும்."

சொன்னார். மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். மாரிக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. அண்ணை மண்டபம் முழுக்கச் செருப்போடு திரிந்தார். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? வந்த சனம் எல்லாம், "அரியண்ணை, அட்டை காட்டவேணுமோ?" என்று பகிடி விட்டுக்கொண்டுதான் உள்ளே போனது.

கல்யாணம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு ஒரு புதன்கிழமை. அண்ணை ஃபோன் எடுத்தார். குரலில் வெட்கமும் சிரிப்பும் கலந்திருந்தது.

"மகள் போனாப் பிறகு வீடு வெறிச்செண்டு இருந்தது பிள்ளை. கால் தானா அங்கை போயிட்டுது. சப்பாத்து, ஷேட் எல்லாம் சரியாத்தான் போட்டுக்கொண்டு போனனான். அட்டையைக் குடுத்தன். என்ரை பேர் வந்திட்டுது. உன்ரை மனுசன் கையை நீட்டி மறிச்சான் கோசலை! 'உள்ளை விடேலாது மச்சான், வீட்டை போங்கோ' எண்டான். எனக்கு அந்த இடத்திலை எவ்வளவு நிம்மதி எண்டு சொல்லத் தெரியேல்லை. நான் இப்ப லக்சிகா வீட்டிலை. தோசை சுடுறாள்."

ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு பிட்டு அவித்தேன்.

இவர் வந்து, கை கழுவி, மேசையில் உட்கார்ந்தார். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அண்ணை இண்டைக்கு உங்கடை இடத்துக்கு வந்தவரோ?" என்று கேட்டேன்.

"வேலையிடத்துக் கதை வீட்டிலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை வழித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பிட்டுப் போடச் சொன்னார்.