சந்தியாவின் இடத்தில் ஒரு வளையம்

குளிரைப் பழுதுபார்க்கிறவன் நாள் முழுக்க நெருப்போடு நிற்கவேண்டும். எங்கள் தொழிலின் முதல் வேடிக்கை அதுதான். பிரிட்ஜோ, மீன் வைக்கிற ஐஸ் அறையோ, எதுவானாலும் உள்ளே ஓடுவது செப்புக் குழாய். ஒரு குழாயின் வாயை அகட்டி, மற்றதை அதற்குள் செருகி, சூடாக்கி, பற்றாசுக் கம்பியை உருக்கி ஓடவிட்டால் இரண்டும் ஒன்றாகும். இதற்குச் சுவாலை பிடிக்க ஒரு கை, கம்பி கொடுக்க ஒரு கை, குழாய் அசையாமல் அணைக்க இன்னொரு கை வேண்டும். மனிதனுக்கு எத்தனை கை என்று எண்ணிப் பார்க்காத யாரோதான் இந்தத் தொழிலைக் கண்டுபிடித்திருக்கவேண்டும். இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்து இடுப்பு ஒடிந்த சக பாவிகளே, நீங்கள் தையற்காரராக இருந்தாலும் தோணிக்காரராக இருந்தாலும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்.

படகுக்கு முதல்நாள்

எனக்கு மூன்றாவது கையாக இருந்தவன் சந்தியாப்பிள்ளை, கூப்பிடுவது சந்தியா. பாலையூற்றுக்காரன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் சின்னப் பட்டறை ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினோம். நான் சுவாலை பிடிப்பேன். அவன் ஒரு கையால் குழாயை அணைத்து மறு கையால் கம்பியைக் கொடுப்பான். எப்போது கொடு, எப்போது நிறுத்து என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. சொல்லவும் இடம் இராது, அவன் வாய் அப்படி. யார் வீட்டில் என்ன கறி என்பதிலிருந்து எந்தக் கப்பல் ஏன் வரவில்லை என்பதுவரை கதை ஓடிக்கொண்டே இருக்கும். நான் பட்டறையின் பின் அறையில் தனியாக இருந்தவன். கலியாணம் செய்யவில்லை. கிளிவெட்டியில் இருந்த அக்கா குடும்பமும் இடம்பெயர்ந்து எங்கெங்கோ சிதறிவிட்டது. பகலில் அவன் சொல்கிற கதைதான் எனக்கு இரவுக்கும் போதவேண்டும்.

ஊரில் பிரச்சினை முற்றிச் சண்டையானபோது அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேற முடிவு செய்தான். அவனுடைய அம்மா மட்டும் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். போவதற்கு முதல்நாள் பட்டறைக்கு வந்தான். தன் பக்கத்து மேசையைத் துடைத்தான், கம்பிகளை நீளத்தின்படி அடுக்கினான், பிறகு வாசலில் நின்று சொன்னான்: "நான் திரும்பி வருமட்டும் என்ட இடத்துக்கு ஒருத்தரையும் எடுக்காத, மச்சான்."

சாவடியில் நடந்த பாடம்

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த மூன்றாவது கை நினைவுக்கு வந்தது. கம்பனியிலிருந்து வருகிற புதுப் பிரிட்ஜுகளில் பற்றாசு, குழாய்கள் சேரும் மூட்டைச் சுற்றி ஒரே அளவாக ஓடியிருப்பதைக் கண்டிருக்கிறேன். கம்பனியில் யாரும் கம்பியைக் கையில் பிடிப்பதில்லை. கம்பியை வளையமாக்கி முதலிலேயே குழாயில் மாட்டிவிடுகிறார்கள். சூடு ஏறியதும் வளையம் தானாக உருகி உள்ளே இறங்கிவிடும். நானும் ஓர் இரும்புத் தண்டில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வெட்டி, வளையங்களைப் பால்மாத் தகரத்தில் போட்டு வைத்தேன். நிமிர்ந்து நிற்கிற குழாயில் வளையம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. படுத்த குழாயிலும் தலைகீழான குழாயிலும் நான் சுவாலையை எடுத்துத் திரும்புமுன் கழன்று உருண்டுவிடும். முழங்காலில் நின்று தேடுவதிலேயே பாதி நாள் போனது.

சீனன்குடாப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போகையில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தகரத்தைத் திறந்த இளம் சிப்பாயின் முகம் மாறியது. கம்பி, வளையம், செப்புக் குழாய் மூன்றும் ஒரே சைக்கிளில் வந்தால், குண்டுச் சாமானோ என்று அந்த நாட்களில் யாருடைய முகமும் மாறும். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் பயத்தில் எங்கேயோ ஓடிவிட்டது. வாயால் சொல்ல முடியாததைச் செய்து காட்டலாமென்று வளையத்தைக் குழாயில் மாட்டினேன். விழுந்தது. திரும்ப மாட்டினேன். திரும்ப விழுந்தது. பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். பார்த்துக்கொண்டு நின்றவன், வளையத்தைப் பறித்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு நெரி நெரித்தான். வட்டம் முட்டை வடிவமாகியது. அதைக் குழாயில் தள்ளிவிட்டுக் குழாயை உதறினான். வளையம் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வளையத்தையும் குறட்டால் ஒருமுறை நெரித்துத்தான் மாட்டுகிறேன். குழாயைத் திருப்பித் தந்தபோது அவனும் கொஞ்சம் சிரித்த மாதிரித்தான் இருந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னான்: "இப்ப விழாது. நீங்க போங்க."

அவருக்கும் ஒன்று

வளையம் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. சந்தியா இருந்தவரை ஊமை மாதிரி வேலை செய்தவன் நான். அவன் போன பிறகு நான் பேசத் தொடங்கினேன். முதலில் முணுமுணுப்பு. பிறகு தெளிவாக, ஆளைப் பார்த்துக் கதைப்பது போலவே: "சந்தியா, அந்தக் குறட்டை எடு. சந்தியா, இஞ்ச கொஞ்சம் பிடி." குறடு தானாக வராது என்று தெரியும். ஆனாலும் சொன்னால் ஒரு நிம்மதி.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் முதலாளி ஒருவருக்கு ஐஸ் அறை இருந்தது. கடலுக்குப் போகத் தடை போட்டு அறை வெறுமையாகக் கிடந்த காலத்திலும், தடை எடுபடும் நாளில் அறை குளிராக இருக்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுப் பழுது பார்ப்பிப்பார். அன்றைக்கு அறைக்குள் தனியாக நின்று குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தேன். முதலாளி கதவடியில் நின்றதை நான் காணவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் கீழே குனிந்து, "சந்தியா, வெளிச்சத்தை மறைக்காத, தள்ளி நில்" என்று அதட்டியதும் அவர் மெல்ல உள்ளே வந்து, நாலு மூலையையும் பார்த்தார். என்னைப் பழிக்கிறாரோ என்று நிமிர்ந்தேன். இல்லை, மனிதர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "பாஸ், உங்கட ஆள் எந்தப் பக்கம் நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ, அவருக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லுவம்."

மடத்தில் ஒரு செபம்

வளையத்தால் வருகிற பிழை ஒன்று இருக்கிறது. எங்கள் தொழில்காரர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பிழை. செருகுவதற்கு முன்னால் வளையத்தை மாட்டவேண்டும். மறந்துவிட்டுச் செருகினால் பிறகு வழியே இல்லை, கழற்றித்தான் ஆகவேண்டும். கம்பி கொடுக்க ஆள் இருந்தால் இந்த மறதி ஒரு பொருட்டே இல்லை.

கன்னியர் மடத்தில் பிள்ளைகளுக்குப் பால் வைக்கிற பிரிட்ஜ் பழுதாகி, பெரிய சிஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். முந்தின நாள் முழுக்க ஷெல் சத்தம்; நித்திரை இல்லை. குழாயைச் செருகிச் சுவாலையைப் பிடித்தேன். செம்பு சிவந்தது. வளையம் உருகி மூட்டைச் சுற்றிப் பளிச்சென்று ஓடுகிற அந்தக் கணத்துக்காகக் கண்ணிமைக்காமல் காத்து நின்றேன். காஸ் கிடைப்பதே அருமையான காலம், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வளையமோ தகரத்துக்குள் பத்திரமாக இருந்தது. சிஸ்டர் பக்கத்தில் நின்று என் முகத்தையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "தம்பி, நீங்கள் செபம் ஏதும் சொல்லுறீங்களோ, நானும் சேர்ந்து சொல்லட்டோ?"

பழுதாகாத பிரிட்ஜ்

சந்தியாவின் அம்மா பாலையூற்றில் தனியாக இருந்தார். அவரிடம் பழைய பிரிட்ஜ் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்கு வந்தவர்களில் யாராவது ஒருவரிடம், பிரிட்ஜ் சத்தம் போடுது, அவனை வரச்சொல்லு என்று சொல்லி அனுப்புவார். நான் போய்க் காதை வைத்துக் கேட்பேன். அது பூனை உறங்குகிற மாதிரி இரைந்துகொண்டிருக்கும். உள்ளே தண்ணீர்ப் போத்தல்கள்தான். ஆனாலும் பின்பக்கத்தைத் துடைத்து, திருகாணி ஒன்றை இறுக்கி, கதிரையில் இருந்து அவர் வைக்கிற சோற்றைச் சாப்பிடுவேன். மகன் இந்தியாவிலிருந்து தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்துச் சொன்ன புதினங்கள் சோற்றோடு வரும். அகதி முகாமிலிருந்து வெளியே வேலைக்குப் போகிறானாம். திருச்சியில் ஒரு பட்டறையாம். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்களாம், மூத்தவள் வகுப்பில் முதலாவதாம்.

நல்ல புதினம்தான். எனக்கு ஒவ்வொன்றும் சோற்றில் கல் மாதிரிப் பட்டது. வேலை கிடைத்தவன் வருவானா? பிள்ளைகள் முதலாவதாக வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வருவார்களா? திருச்சியில் யாருக்கு அவன் கம்பி கொடுக்கிறான் என்று நினைக்கையில் வந்தது பச்சைப் பொறாமை, வேறு பெயர் சொல்லி மறைக்க ஏலாது. அம்மாவிடம் காட்டிக்கொள்ளாமல், பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை அம்மா, இனி ஒவ்வொரு கிழமையும் பார்க்கத் தேவையில்லை என்றேன். அவர் என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார். "பிரிட்ஜ் பழுதில்லை எண்டு எனக்கும் தெரியும் மகன், சும்மா வா எண்டால் நீ வரமாட்டாய்."

கடைசி மூட்டு

சமாதானம் என்று சொல்லி வீதிகளைத் திறந்த ஒரு காலம் வந்தது. சாவடிகள் இளகின, கடலுக்குப் போக விட்டார்கள், மீன் முதலாளி ஐஸ் அறையைப் பெரிதாக்க நாள் குறித்தார். அந்தக் கிழமை சந்தியா வந்தான். தலை நரைத்து, கொஞ்சம் தடித்து, பட்டறை வாசலில் அதே இடத்தில் நின்றான். அவனுடைய மேசையை நான் ஒதுக்கியே வைத்திருந்தேன். அவன் கண் அதில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான் என்றான். அம்மா இந்த முறை ஓம் என்றுவிட்டாராம். விமானம் என்றால் கடலில் கால் வைக்கத் தேவையில்லை அல்லவா. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

மறுநாள் ஐஸ் அறைக்கு என்னோடு வந்தான். நான் போன கிழமை பொருத்திய மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒரே அளவு, ஒரு சொட்டும் வழியவில்லை. தகரத்தைத் திறந்து, நெரித்து வைத்த வளையங்களைக் கையில் கொட்டி, ஒன்றைக் குழாயில் மாட்டி உதறினான். அது நின்றது. அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். வாயாடி சந்தியா, செய்ய ஒன்றுமில்லாமல் நின்றான். எனக்கு அதைப் பார்க்க ஏலவில்லை. அடுத்த குழாயில் இருந்த வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கம்பியை அவன் பக்கம் நீட்டினேன். "சந்தியா, இஞ்ச கொஞ்சம் பிடி." இந்தத் தடவை ஒரு கை வந்து பிடித்தது.

கை பழக்கம் விட்டிருந்தது. கம்பியை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தான். மூட்டு பலாக்கொட்டை மாதிரி வீங்கி, ஒரு பக்கம் சொட்டியும் விட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவன் தன் கதையைத் தொடங்கிவிட்டான், திருச்சிப் பட்டறை முதலாளியின் மாமியாரைப் பற்றி. நான் சுவாலையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன். மீன் முதலாளி தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "ஓ, இவர்தானே அந்த ஆள், அண்டைக்கே சொல்லவேண்டிய தேத்தண்ணி" என்று முதல் கோப்பையை அவனிடமே கொடுத்தார். சந்தியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

அவன் தாயோடு புறப்படுகிற அன்று பட்டறைக்கு வந்து, தன் மேசையைத் துடைத்தான், கம்பிகளை அடுக்கினான். பிறகு வாசலில் நின்று சொன்னான்: "வளையம் நல்லாத்தான் நிக்குது மச்சான், ஆனா நீ இனி என்ட இடத்துக்கு ஒராளை எடு."

குழாயில் வளையத்தைக் கழலாமல் நிறுத்த எனக்கு ஒரு குறடு போதும், மனிதரை நிறுத்தி வைக்கிற குறடு மட்டும் திருகோணமலையில் எந்தக் கடையிலும் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.