பத்தொன்பது படியும் கல்யாணப் பணமும்

எங்கள் வீட்டுக்குப் படிகள் பத்தொன்பது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த வீடு அது. கீழே மூட்டைகள், மேலே நானும் அம்மாவும். அப்பா இருந்த காலத்தில் எடுத்த வாடகை வீடு. அவர் போன பிறகும் வாடகை பெரிதாக ஏறவில்லை. படிகள்தான் வருஷத்துக்கு வருஷம் செங்குத்தாகிக்கொண்டே போயின. மதியத்தில் பலகை இடுக்குகள் வழியாக வெயில் கிடங்குக்குள் இறங்கும், சுக்குத் தூசி அந்த வெயிலுக்குள் மெல்ல மேலே ஏறும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, கனமில்லாத எதுவும் தானாக மேலே வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். முப்பத்தைந்து வயதிலும் கொஞ்சம் நம்பினேன். அம்மா என்னைச் சொப்பனக்காரி என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். அம்மா காய்கறிப் பையோடு வந்து முதல் படியிலேயே வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்த அன்று, கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்கள் நால்வர் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா வழி முழுக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பிளைகள் கையில ஏறி எறங்கறது ஒருக்காப் போறும். இனி என்னைக் கொன்னாலும் மாட்டேன்" என்றாள்.

சமதரையில் தடி ஊன்றி நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியாக அம்மா மாடியிலேயே தங்கிப்போனாள்.

மூன்று வருஷம் அவள் தெருவை மிதிக்கவில்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, தள்ளுவண்டிக் காய்க்காரரிடம் விலை பேசுவாள். மேலேயிருந்து கத்திப் பேசினால் விலை இறங்காது என்பது அவளுடைய பெரிய துக்கம். "வெண்டக்காயை ஒடிச்சுப் பாக்காம வாங்கறதும் ஒரு ஜீவிதமா?" என்று என்னைக் கேட்பாள். கேள்வி காயைப் பற்றித்தான், ஆனால் கண் தெருவில் இருக்கும். அவளுக்குக் கீழே போக வேண்டும். அதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கீழ்வீடு பார்க்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன. கீழ்வீட்டுக்காரர்கள் கேட்ட முன்பணத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம்.

யோசனை எனக்கு ஆபீசில் வந்தது. நான் ஒரு குஜராத்திச் சேட்டின் மிளகுக் கம்பெனியில் டைப்பிஸ்ட். மத்தியான நேரத்தில் காயல் பக்கத்திலிருந்து காற்று வரும், விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், நான் எங்கேயோ போய்விடுவேன். ஒரு நாள் அப்படிப் போன இடத்தில், எதிர்க் கிடங்கில் மிளகு மூட்டை ஒன்று சங்கிலியில் தொங்கிக்கொண்டு மாடிக்குப் போவதைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல், லேசாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டுத் தரையிலும் மூட்டை ஏற்றிய பழைய காலத்துப் பலகைக் கதவு ஒன்று ஆணியடித்து மூடிக் கிடந்தது. அதற்கு நேர் மேலே, உத்தரத்தில் கொக்கிகூட இருந்தது. அன்று டைப் அடித்த கடிதத்தில் ஒன்பது பிழைகள்.

விசாரித்தேன். பழைய சங்கிலிக் கப்பி ஒன்று, நாற்காலி ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, பட்டை வைத்த நாற்காலி, கொல்லன் கூலி, ஆசாரி கூலி, கதவைத் திறக்க வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு தொகை. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். என் சம்பளம் நானூற்றுச் சொச்சம். பேங்கில் கடன் கேட்கப் போனேன். அங்கிருந்தவர் கெட்டவர் இல்லை. என் விண்ணப்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. "வண்டியா? சக்கரம் உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீடு சொந்தமா?" அதுவும் இல்லை. நாற்காலிக்குக் கடன் கொடுக்கலாமாம். ஆனால் அது தரையில் நிற்கிற நாற்காலியாக இருக்க வேண்டுமாம்.

எனக்கென்று ஒரு பணம் இருந்தது. சேட்டின் கம்பெனியில் கல்யாணமாகாத பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார், அதே அளவு தன் கையிலிருந்து போடுவார். கல்யாணம் நிச்சயமானதும் மொத்தமாகத் தருவார். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடையது பதினாலு வருஷமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது சேட்டு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அம்மா சம்மதிச்சுக் கையொப்பம் போட்டால் தரலாம். ஞான் நேரில் கேட்கணும்" என்றார்.

சொன்னபடி வந்தார். அவர் உடம்புக்குப் பத்தொன்பது படி சாமானியமில்லை. பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே அம்மா தடியை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்க்க, அவர் அங்கிருந்தபடியே ஒரு காகிதத்தை நீட்டி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

"அம்மே, இது மோளுடைய கல்யாணப் பைசா. இப்போ எடுத்தால் பின்னே இல்லை. இந்தக் கடலாசில் அம்மா ஒப்பு வைக்கணும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. அவளிடம் ஏதோ ஆபீஸ் கடன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

"நான் இங்கேயே கெடந்து போறேன், சாரமில்ல, பரவாயில்ல" என்றாள் அம்மா சேட்டிடம். "அவள் கல்யாணத்தை வித்து எனக்கு நாற்காலி வேண்டாம்."

அவர் போன பிறகு நான் கத்தினேன். "யாரோட கல்யாணம்? யார் வராங்க? எந்த வாசல்ல நிக்கறாங்க?" அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கையெழுத்தில்லாத கடலாசு நான்கு மாதம் அப்பா படத்துக்குப் பின்னால் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். தெரிந்தவர்கள் சொல்லி, திருப்பூணித்துறையிலிருந்து. நாற்பது வயது, மனைவியை இழந்தவர், பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அவருடையது கீழ்வீடு என்று கேள்விப்பட்டதும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. மகளுக்குக் கல்யாணம், தனக்குத் தெரு, இரண்டும் ஒரே பஸ்ஸில் வருகின்றன என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் நினைத்தேன், இல்லையென்று எதற்குச் சொல்வது.

அவர் சாயா குடித்தார். அம்மா முறத்தில் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்போல அவரும் எடுத்து ஒடித்தார். பேச்சும் அவரே தொடங்கினார். அம்மாவின் இடுப்பைப் பற்றிக் கேட்டார், மழைக்கு வலிக்குமோ என்றார். முற்றிய பயறைத் தனியாக ஒதுக்கி வைத்தார். அதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மறைச்சு வைக்க எனக்கு வராது. வீட்டில் மூத்த ஏட்டன் குடும்பம் அஞ்சு பேர். படுக்க ரெண்டே முறி. அம்மாவை அங்கே கொண்டுபோக நிவர்த்தி இல்லை. இங்கே துணைக்கு ஒரு பெண்ணை வைக்கலாம். ஞாயித்துக்கிழமை தவறாம நாங்க ரெண்டு பேரும் வருவோம்."

நாங்க ரெண்டு பேரும். என்னை ஒருவர் தன்னோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. ஒரு வாரத்தில் பதில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்காமல் படியிறங்கிப் போனார்.

அந்த ஒரு வாரம் நான் மட்டாஞ்சேரியில் இல்லை. உடம்பு மட்டும் ஆபீசுக்குப் போய்வந்தது. மனதில் திருப்பூணித்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தெரியாத ஒரு சமையலறையில் ஜன்னலைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடைகளோடு இந்தத் தெருவில் நடந்து வந்தேன். ஆனால் எப்போது அந்தத் தெருவில் நடந்தாலும், நிமிர்ந்தால் ஜன்னலில் அம்மா தெரிந்தாள், கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அங்கே சொப்பனம் நின்றுவிடும். அது அன்பா பயமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆறாம் நாள் ஒரு கார்டில் நான்கு வரி எழுதித் தபாலில் போட்டேன்.

அம்மா ஏழாம் நாள்தான் கேட்டாள். "என்ன எழுதினாய்?"

"வேண்டாம்னு எழுதிப் போட்டாச்சு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா படத்தைக் கைகாட்டி, "அந்தக் கடலாசைக் கொண்டா" என்றாள். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டாள். நான் ஊதி ஊதி மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேட்டு பணம் தந்தார். கப்பி வந்தது, கம்பிகள் வந்தன. அதற்குள் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தெருவில் எதை ஏற்றினாலும் இறக்கினாலும் அவர்கள் சங்கத்துக்கு உரிமை. தூக்கவிடாவிட்டால், பக்கத்தில் நின்று பார்த்ததற்கு நோக்குக்கூலி கொடுக்க வேண்டும். அவர்களின் தலைவர் வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மனுஷரைச் சுமை என்று எழுதலாமா என்று தங்களுக்குள் அரைமணி நேரம் தர்க்கம் செய்தார்கள். கடைசியில், அம்மா சுமை இல்லை, நாற்காலி சுமைதான் என்று தீர்ப்பாயிற்று. நாற்காலிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில், முதல் தடவை சங்கிலியை யாரும் தொடக்கூடாது, தானே இழுத்து இறக்குவேன் என்று அந்தத் தலைவரே மேலே ஏறி வந்து நின்றார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

அம்மா நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். காய் வாங்கப் போகிறவளுக்கு எதற்குப் பட்டு என்று கேட்டேன். "கல்யாணச் சாமானாச்சே" என்றாள்.

நான் கீழே போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். தலைக்கு மேலே பலகைக் கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு சதுரமாக என் மேல் விழுந்தது. முதலில் அம்மாவின் பாதங்கள் வந்தன, பிறகு புடவையின் கரை. சங்கிலி கிணுகிணுத்தது. தூசி ஏறிக்கொண்டிருந்தது, அம்மா அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கைப்பிடியைப் பிடிக்கக்கூட இல்லை.

பாதித் தூரத்தில், "நிறுத்து" என்றாள். மேலே சங்கிலி நின்றது.

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "என்னம்மா, தலை சுத்தறதா?"

அவள் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. உனக்கு அவரைப் பிடிச்சிருந்துதா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அம்மா காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பிடிச்சிருந்தது" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்" என்றாள். பிறகு மேலே பார்த்து, "எறக்கலாம்" என்று குரல் கொடுத்தாள்.