சாய்தளத்தின் திருப்பம்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், தனியார் மருத்துவமனைகளின் உரிமம், கட்டடம் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் மாவட்டக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். முதல் மூன்று கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. டீ குடித்து, கையெழுத்துப் போட்டு, தக்கலை பஸ் பிடித்துவிடுவேன்.

நாலாவது கூட்டத்தில் அருமனைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் வரைபடம் வந்தது. அதை நடத்தும் டாக்டரம்மா, மேலே ஒரு மாடி எடுத்துப் பிரசவ வார்டு வைக்க அனுமதி கேட்டிருந்தார். லிஃப்டோடு ஒரு சாய்தளமும் உண்டு. அது பாதி வழியில் திரும்பும் இடம் எனக்கு உறுத்தியது. மின்சாரம் போனால் இந்த வழியாகத்தானே கொண்டு போக வேண்டும் என்றேன். ஸ்ட்ரெச்சர் தாராளமாகத் திரும்பும், அளவு பார்த்தாயிற்று என்று குழுவின் பொறியாளர் பொறுமையாக விளக்கினார்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பும் சார். கூட வாற ஆளு எங்க நிப்பாங்க?"

அவர் அளவுகோலை எடுத்து வரைபடத்தில் மறுபடி வைத்துப் பார்த்தார். நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் மருத்துவமனை முற்றத்தில் சுண்ணாம்பால் அந்தத் திருப்பத்தின் அளவுக்குக் கோடு போட்டோம். சுவருக்குப் பதில் பெஞ்சுகள். யாரைப் படுக்க வைப்பது என்று பார்த்தபோது டாக்டரம்மாவே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டார். பொறியாளர் தள்ளினார். நான் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பியது; நான் பெஞ்சுக்கும் ஸ்ட்ரெச்சர் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். வெளியே வர ஸ்டாண்டை விட வேண்டியிருந்தது. வெளிநோயாளிகள் சீட்டும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தார்.

"அந்தத் திருப்பத்த ஒட்டி எனக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கேன் சிஸ்டர். அத எடுத்துட்டா எடம் காணுமா?"

"தாராளமா காணும் டாக்டர்."

மாற்றிய வரைபடம் அடுத்த கூட்டத்துக்கே வந்தது. அனுமதிக்குப் பரிந்துரை எழுதினோம். கட்டடம் முடிந்து பார்வையிடப் போனபோது, அந்தத் திருப்பத்தில் நான்கு பேர் சேர்ந்து நின்று பேச முடிந்தது. பொறியாளர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, குலசேகரம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர் விண்ணப்பம் வந்திருப்பதாகச் சொன்னார்.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒருக்கா படத்தப் பாத்துருங்க சிஸ்டர்" என்று சுருளை என்னிடம் கொடுத்தார்.

அங்கேயே ஜன்னலோரம் விரித்து வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.