குடிக்காத மாப்பிள்ளை

எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போது முதலில் கேட்பது, பையன் குடிப்பானா என்றுதான். தெருவுக்குத் தெரு பார் உள்ள ஊர். மில் மூடின பிறகு நானும் கொஞ்ச காலம் குடித்துக் கிடந்தவன். என் பெண் அதைப் பார்த்து வளர்ந்தாள். அதனால் குடிக்காத மாப்பிள்ளையாகத் தேடினேன். கிடைத்தார். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். இங்கிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்குப் போவதும் வருவதுமாக ஓட்டம். கல்யாணம், காதுகுத்து என்று எல்லாரும் ஊற்றிக்கொள்ளும்போது அவர் சோடா குடிப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பேத்தி நடக்கத் தொடங்கிய சமயம், என் பெண் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவரு தூங்கறதே இல்லப்பா. வண்டியத் தொடச்சதையே தொடச்சிக்கினு இருக்காரு. சோறு வேணான்றாரு. பல்ல நறநறன்னு கடிக்கிறாரு. என் போன்ல யாரோ ஒட்டுக் கேக்கறாங்களாம்."

"குடிக்கிறாரா?"

"தெரியல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மாப்பிள்ளை இளைத்திருந்தார். கன்னம் ஒட்டிப் போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சம்பந்தியம்மாவுக்குக் கோபம்.

"எம்புள்ள மேல பழி போடாதீங்க. டேய், மாமன்கிட்ட ஊதிக் காட்டுடா."

மாமன் என்றது சம்பந்தியம்மாவின் தம்பியை. அவர் வரும்போதே பாருக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை ஊதினார். மாமன் கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. சுத்தம்."

"உங்க வாசனைய மீறி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள் என் பெண்.

"நான் இதுல பழைய ஆளும்மா. ஒரு கட்டிங் உள்ள போயிருந்தாலும் சொல்லிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஊதச் சொல்லிப் பார்த்தேன். வாசனை இல்லை. ராத்திரி ஓட்டத்தின் அலுப்பு என்று முடிவானது. பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

"குடிக்கல இல்ல, அப்புறம் இன்னா? போம்மா," என்றேன்.

அவரோடு இருந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஓடினேன். மாப்பிள்ளை ஃபேன், டிவி, மிக்சி எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார். எதிலோ கேமரா இருக்கிறதாம். யார் வைத்தது என்று கேட்டு என் பெண்ணின் கையை முறுக்கியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெண் குனிந்து அதை வெளியே எடுத்தாள். போகச் சொன்ன என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சம்பந்தியம்மா, காத்து கருப்பு, மந்திரிக்கணும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மனநல டாக்டர் ஒரு அம்மா. மாப்பிள்ளையிடம் தனியாக வெகுநேரம் பேசினார். தூக்கம், சாப்பாடு, யாராவது பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கிறதா, விட நினைத்தும் முடியாமல் போனதா, முன்னைவிட அதிகம் வேண்டியிருக்கிறதா, எல்லாம் கேட்டிருக்கிறார். சிறுநீரும் எடுத்தார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"ராத்திரி தூங்காம ஓட்ட, கூட ஓட்டற ஒருத்தர் ஒரு தூள் குடுத்துருக்கார். மெத்துன்னு சொல்வாங்க. மூளைய முடுக்கி விடற போதை. இப்ப அது இல்லாம இவரால முடியல. இது ஒரு நோய்."

"வாயில வாசனையே இல்லீங்களேம்மா," என்றேன்.

"இதுக்கு வராதுங்க."

சந்தேகமும் பயமும் தணியக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார். இந்தப் போதையை விடவைக்க என்று தனி மாத்திரை கிடையாது, வாராவாரம் வந்து பேச வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். முதலில் ஓயாமல் தூங்குவார், மனசு அடியோடு விழுந்துவிடும், அப்போது தனியாக விடாதீர்கள் என்றார். அப்படியே அவர் தூங்கினார். சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெண்ணையும் குழந்தையையும் நான் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பரிசோதனை சுத்தமாக வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்கலாம். சுத்தமாக வராத வாரம் பார்க்க முடியாது. திட்டக்கூடாது. சொன்ன சொல்லை மாற்றவும் கூடாது. மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். பெண்ணும் ஒத்துக்கொண்டாள்.

நடுவில் ஒருமுறை மறுபடி அதைத் தொட்டுவிட்டார்; பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பலூனோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வாரம் இல்ல மாப்ள."

"தெரியும் மாமா. சும்மா வந்தேன்."

பலூனை கேட்டில் கட்டிவிட்டுப் போனார். அவரைத் திருப்பி அனுப்பியதுபோல் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

இப்போது நன்றாக இருக்கிறார். ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். உடம்பும் தேறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. என் பெண் மட்டும் திரும்பப் போகவில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் இன்னும் குழந்தையைத்தான் முதலில் தூக்குகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ வருவா."

"வருவா. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பெண் உள்ளே இருந்து பேத்திக்குச் செருப்பு மாட்டி அனுப்பினாள். அவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார். அது என் பெண் சொல்லியிருக்கிற நேரம்.