அமெரிக்க சம்பந்தியும் எங்கள் டிப்ஸ் ஒத்திகையும்

போன செப்டம்பரில் பதினெட்டு நாள் அமெரிக்கா போய் வந்தோம். ஊர் சுற்ற இல்லை, பெண் பார்க்க. எங்கள் மகன் தினேஷுக்குக் கொலம்பஸ் நகரில் வேலை. அங்கேயே ஹானா என்ற பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. அவளுக்கு எல்லாமே அம்மா மார்த்தாதான். அந்த அம்மாள் எங்களை ஓர் உணவகத்தில் சந்தித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாராம்.

புறப்படுவதற்கு முன் தினேஷ் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "அம்மா, அவங்க முப்பது வருஷமா ஓட்டல்ல பரிமாறுறவங்க. நீங்க என்ன கட்டியிருக்கீங்கன்னு பாக்க மாட்டாங்க. பரிமாற வர்ற பொண்ண எப்படி நடத்துறீங்கன்னுதான் பாப்பாங்க. அப்பாவ சொடக்கு போட்டுக் கூப்பிடாம இருக்கச் சொல்லு. நூத்துக்கு இருபது டிப்ஸ் வைக்கணும். அங்க அவங்க வருமானமே பெரும்பாலும் அதுதான்."

இருபதா! என் வீட்டுக்காரர் பத்து ரூபாய்க்கு மேல் டிப்ஸ் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஒத்திகை பார்த்துவிட முடிவு செய்தோம். புதுச்சேரியில் எங்கள் வீடு இருக்கும் ரெட்டியார்பாளையத்திலிருந்து கடற்கரை ஓட்டலுக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு. விஷயத்தைக் கேட்ட ஆட்டோக்காரர், "சாப்புடறதுக்குமா ஒத்திகை? நல்லா இருக்கும்மா உங்க கூத்து" என்று சிரித்தார். பில் 640. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு 130 ரூபாயை வைத்துவிட்டு எழுந்தார். பரிமாறியவர் தெருமுனை வரை ஓடி வந்தார். "சார், மீதிக் காச விட்டுட்டுப் போறீங்க!"

சென்னை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம், 4,500 ரூபாய். அப்புறம் இரண்டு இடத்தில் விமானம் மாறி முப்பது மணி நேரம். கால் இரண்டும் வீங்கிவிட்டன.

விருந்தன்று இவர் என் கண்ணே படும்படி நடந்துகொண்டார். சொடக்கு இல்லை. தண்ணீர் ஊற்றியதற்குக்கூட நன்றி சொன்னார். ஐந்து பேருக்கு 150 டாலர். பில்லை வேறு யாரும் தொடுமுன் இவரே எடுத்துக் கட்டிவிட்டு, டிப்ஸாக மூன்று பத்து டாலர் நோட்டை பில் வந்த கறுப்பு அட்டைக்குள் வைத்து மூடினார். எல்லோரும் எழுந்தோம். நான் பர்ஸிலிருந்து ஒரு சென்ட் காசை எடுத்து அட்டையின் மேல் வைத்தேன்.

மார்த்தாவின் முகம் சுருங்கிப்போனது. ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணிட்ட? இங்க ஒத்தக் காச வெச்சா, உன் வேலைக்கு இதுதான் மரியாதன்னு மூஞ்சில அடிக்கிற மாதிரி" என்றான் தினேஷ். ஒத்திகையில் இவரை அவ்வளவு கிண்டல் செய்த நான், பையன் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே!

"வெறும் முப்பதா எப்பிடிடா வைக்கறது? மொய்னா மேல ஒத்தக் காசு வெக்காம கொடுப்பமா? நல்லது அதோட நின்னுடக் கூடாதுன்னுதான் வெச்சேன். சொல்லுடா அவங்ககிட்ட!"

அவன் சொன்னான். இவர் அவசரமாக அட்டையைத் திறந்து நோட்டுகளைக் காட்டினார். மார்த்தா ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பரிமாறிய பெண்ணை அவரே கூப்பிட்டு விளக்கினார். அவள் அந்தக் காசை மட்டும் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் மார்த்தா என்னைக் கட்டிப்பிடித்தார். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நூற்றுக்குப் பதினெட்டு, இருபது வையுங்கள். கார்டில் கட்டினால் ஒரு சீட்டு வரும், டிப்ஸ் தொகையை நீங்களே அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு வையுங்கள். கவுன்டரில் பொட்டலம் வாங்கும்போது திரையில் கேட்டால் கட்டாயம் இல்லை. ஒற்றைக் காசை மட்டும் ஊரோடு விட்டுவிட்டுப் போங்கள்.

தை மாதம் புதுச்சேரியில் கல்யாணம். பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு நூற்றுக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று மார்த்தா நேற்று கேட்டு அனுப்பியிருக்கிறார். பில்லே இல்லாத பந்திக்கு எதில் நூற்றுக்குக் கணக்குப் போடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் விழித்துக்கொண்டிருக்கிறோம்.